பலகை காலி

மே 3

அக்காவுக்கு,

முதலில் அந்தச் செருப்புதான் என் கண்ணில் பட்டது. இடது கால் வார் அறுந்து, வெடிக்காரர்கள் தூக்கிப் போடும் மஞ்சள் ஒயரால் முடிச்சுப் போட்ட செருப்பு. மாமாவுடையது. அது அங்கே இருக்கக் கூடாத நேரம்.

என் வேலை என்னவென்று நீ இதுவரை கேட்டதில்லை. சுரங்கத்தின் வாயில் ஒரு தகரக் கூண்டு. அதில் ஒரு ஸ்டூல், நான், ஆணி அடித்த ஒரு பலகை. உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் ஒரு பித்தளை வில்லை உண்டு. போகும்போது பலகையில் மாட்ட வேண்டும், வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். வெடிக்கிற நேரம் வந்தால் வெடிக்காரர் வந்து என்னிடம் கையை நீட்டுவார். வெடிப்பெட்டியின் சாவி என் கூண்டில்தான் தொங்குகிறது. அவருடைய ஆட்களின் வில்லைகளைத் தவிர வேறு எதுவும் பலகையில் இல்லையென்றால், "பலகை காலி" என்று சொல்லிச் சாவியைக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க நான் வாயைத் திறக்க வேண்டியது அந்த இரண்டு வார்த்தைக்குத்தான். அதனால்தான் மாமா இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தார். "இத விட்டா உனக்கேத்த வேலை கல்லறைக் காவல்தான்" என்றார்.

எல்லாரும் கூண்டுக்குப் பக்கத்தில்தான் செருப்பைக் கழற்றிவிட்டு பூட்ஸ் மாட்டுவார்கள். நான் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, உனக்குத் தெரியும். செருப்பை வைத்துத்தான் எனக்கு ஆள் தெரியும். இன்று மாமாவின் ஷிப்ட் காலையிலேயே முடிந்துவிட்டது. வில்லையை எடுத்துக்கொண்டு போனார். மதியம் வெடிக்காரர் வந்தார். பலகை காலி என்றேன். சாவியைக் கொடுத்தேன். அவர் உள்ளே போன பிறகுதான் பார்க்கிறேன், மாமாவின் செருப்பு வரிசையின் கோடியில் கிடக்கிறது.

எழுந்து கத்தியிருக்கலாம். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தரை அதிர்ந்தது. புகை வெளியே வந்து, காற்றாடி அதை இழுத்து, எல்லாம் முடிந்த பிறகு வெடிக்காரரின் ஆட்களோடு மாமாவும் வந்தார். தூரத்தில் இருக்கிற ஒதுங்கும் அறையில் நின்றிருப்பார் போல. என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஃபோர்மேன் அவர் தோளில் தட்டினார்.

அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. மாமா உன்னிடம் ஏதாவது சொன்னாரா?

உன் தங்கை


மே 9

வாயில்லாப் பூச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. போன் இன்னும் அத்தையின் இடுப்பில்தான் இருக்கிறது, நான் உன் மாமாவோடு பேசினால் பக்கத்தில் நின்று கேட்கிறார். அவருக்கு எழுத்து தெரியாதது என் அதிர்ஷ்டம். கடிதம் மட்டும் எனக்கே எனக்கு.

சொன்னார். எனக்குத் தெரியும். நீ பயப்படுகிற மாதிரி திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. அங்கே பாறையில் போல்ட் அடிக்கிற ஆட்கள் போதவில்லையாம். ஒரு ஷிப்ட் முடித்தவன் அன்றைக்கே இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்று கம்பெனி சட்டம். வில்லையை மாட்டினால் ஆபீசுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஃபோர்மேன் வில்லை இல்லாமல் உள்ளே விடுகிறார். அப்படி ஒரு ஷிப்ட் போட்டால் ஒருநாள் கூடுதல் லீவு. சம்பளம் இல்லை, லீவு. வெடிக்கு முன்னால் ஃபோர்மேனே தலையை எண்ணிக்கொள்கிறாராம்.

ஏன் லீவு என்று நீ கேட்க மாட்டாய் என்று நினைக்கிறேன். போன தடவை அவர் வேறொரு சுரங்கத்தில் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். லீவு கிடைக்கவில்லை. பிரசவத்துக்கு நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன், வெறும் கையோடு தனியாகத் திரும்பி வந்தேன். நர்ஸ் "கூட யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்டபடியே இருந்தாள். இந்த முறை அவர் அந்த வராந்தாவில் நிற்க வேண்டும். நின்றுகொண்டு தூங்கினாலும் சரி, நிற்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இத்தனை வருஷம் வாயை மூடித்தானே வைத்திருந்தாய்? பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாலே அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவள் நீ. இன்னும் ஒன்றரை மாதம். அதே மாதிரி இரு.

அக்கா


மே 15

அக்காவுக்கு,

இருந்து பார்த்தேன். முடியவில்லை. இதையாவது படி.

இந்த மலை ரொம்பக் கடினமான பாறை. கடினம் என்றால் நல்லது, இடிந்து விழாது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். இங்கே பாறையைப் பரிசோதிக்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். எல்லாரும் பாறையம்மா என்றுதான் சொல்கிறார்கள். என் கூண்டில் உட்கார்ந்துதான் பூட்ஸ் மாட்டுவார். நான் பேசாததால் அவரே பேசிக்கொள்வார். மேலே இருக்கிற மலையின் கனத்தையெல்லாம் இந்தப் பாறை தனக்குள்ளே அடக்கிக்கொண்டு நிற்கிறதாம். பக்கத்தில் நாம் குடைந்ததும் அது சும்மா இருப்பதில்லை. வெடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, கடலை வறுக்கிற மாதிரி படபடவென்று சத்தம் வரும். பிறகு யாரும் தொடாமலே ஒரு பாளம் தெறித்து வரும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் நீள நீளமாக போல்ட் அடித்து, கம்பி வலை கட்டி, மேலே சிமெண்ட் பீய்ச்சுகிறார்கள். மாமா நிற்பது அதற்கு முன்னால். வலை கட்டாத பாறைக்குக் கீழே.

நேற்று பாறையம்மாவும் கம்பெனிக் கணக்குக்காரரும் என் கூண்டு வாசலிலேயே சண்டை போட்டார்கள்.

"அஞ்சு வரிசை எழுதிக் கொடுத்தா மூணு வரிசைதான் அடிச்சிருக்கு. மீதி ரெண்டு எங்க?"

"ஏன் மேடம், மலையைத் தைக்கவா வந்திருக்கோம்? ஒரு போல்ட் என்ன விலைன்னு தெரியுமா? ட்ரில் முனை வேற வாரத்துக்கு வாரம் தேயுது. இது பாறையா இரும்பா?"

"விலை எனக்கெதுக்கு? நீங்க உள்ள வந்து கீழே நில்லுங்க. அப்புறம் மூணா அஞ்சான்னு பேசலாம்."

"எனக்குக் குடும்பம் இருக்கு மேடம்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். பாறையம்மா மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது ஐந்துக்கும் மூன்றுக்கும் நடுவில் நான்கு அடிக்கிறார்கள். அதற்கே ஆள் போதவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போகிறது என்று மேலே இருந்து திட்டு வருகிறது. அதனால்தான் ஃபோர்மேன், மாமா மாதிரி ஆட்களை இரண்டு முறை உள்ளே தள்ளுகிறார்.

மாமா முன்பு மாதிரி இல்லை. டீ கிளாஸைக் கையில் பிடித்தபடியே தூங்குகிறார். நேற்று சாப்பிடும்போது என்னை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அது அவருக்கே தெரியவில்லை. ஃபோர்மேன் தலையை எண்ணுகிறார் என்றாய். அவரும்தான் இரண்டு ஷிப்ட் நிற்கிறார்.

நீ சொன்னால் கேட்பார். நான் சொல்லிப் பார்த்தேன். அதாவது, சொல்லலாம் என்று அவர் முன்னால் போய் நின்றேன். "என்ன, உப்பு வேணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் தங்கை


மே 21

தங்கைக்கு,

அடக்கிக்கொண்டு நிற்கிற பாறையைப் பற்றி எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம். இந்த வீட்டுச் சமையலறைக்கு வந்து என்னைப் பார்.

உப்பு கேட்டதைப் படித்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். இப்போது எல்லாமே அடுத்தடுத்து வருகிறது. கால் இரண்டும் வீங்கி உரல் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் "ஓய்வா இருங்க" என்கிறார். ஓய்வு எந்தக் கடையில் விற்கிறது என்று எழுதித் தரவில்லை.

நீ எழுதியதையெல்லாம் நான் ஒதுக்கிவிடவில்லை. நேற்று உன் மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டேன். ஜாக்கிரதையாக இருங்கள், உங்கள் மச்சினி செருப்பைப் பார்த்துப் பார்த்து உயிரை விடுகிறாள், வாசலில் அதைக் கிடக்க விட்டு அவளைக் கலங்கடிக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். போகாதீர்கள் என்று எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

அக்கா


மே 28

அக்காவுக்கு,

நீ என்ன செய்துவிட்டாய் என்று உனக்குத் தெரியுமா?

மாமா இப்போது செருப்பை வெளியே விடுவதில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு, செருப்பைச் சட்டைக்குள் செருகி உள்ளே எடுத்துப் போகிறார். நேற்று வெளியே வரும்போதுதான் பார்த்தேன். வயிற்றிலிருந்து செருப்பை உருவிக் கீழே போட்டு, "இனி உனக்குக் கவலை இல்லைல்ல?" என்றார். நிஜமாகவே எனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைக்கிறார். உன் பேச்சைக் கேட்டுவிட்டாராம்.

முன்பு செருப்பு கிடந்தால் பயப்படுவேன். கிடக்காவிட்டால் மூச்சு விடுவேன். இப்போது பலகையும் காலி, பலகைக்குக் கீழேயும் காலி. ஒவ்வொரு தடவை சாவியைக் கொடுக்கும்போதும் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்கிறேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொல்கிறேன்.

வெடிக்காரர் நல்லவர். "என்னம்மா பலகை, குரல் நடுங்குது? ஜுரமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். என்னை எல்லாரும் பலகை என்றுதான் கூப்பிடுகிறார்கள். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

உன் மேல் எனக்குக் கோபம். இதற்கு முன் இப்படி எழுதியதில்லை, அதனால் எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.


ஜூன் 2

கோபக்காரிக்கு,

கோபப்படு. அம்மா போன பிறகு உனக்குத் தலை வாரியவளிடம் கோபப்படாமல் வேறு யாரிடம் படுவாய்?

இது சின்னக் கடிதம். உட்கார முடியவில்லை. டாக்டர் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார். இந்த மாதக் கடைசிக்குக் காத்திருக்க வேண்டாம் என்கிறார். உன் மாமாவுக்கும் சொல்லியாயிற்று. பதினைந்தாம் தேதி கிளம்புகிறேன் என்றார். இன்னும் இரண்டே ஷிப்ட் போதுமாம்.

இரண்டே ஷிப்ட். நீ கண்ணை மூடிக்கொள். பலகை என்ன காட்டுகிறதோ அதைச் சொல்வதுதான் உன் வேலை. அதற்கு மேல் உன்னை யாரும் கேட்கவில்லை.

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

மாமா நன்றாக இருக்கிறார். அதை முதலில் படித்துக்கொள். பிறகு மற்றதைப் படி.

நேற்று மாமாவின் ஷிப்ட் காலையில் முடிந்தது. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்கு வந்தேன். மதியம் தண்ணீர் எடுக்க மாமாவின் அறைக்குப் போனபோது தட்டு மூடியபடியே இருந்தது. படுக்கை விரிக்கவில்லை. ஆக, உள்ளே போயிருக்கிறார். சரி, ஃபோர்மேன் எண்ணிக்கொள்வார் என்று திரும்பி வந்தேன். வரும் வழியில் ஃபோர்மேனைப் பார்த்தேன். ஆபீஸ் வாசலில் கணக்குக்காரரோடு நின்று போல்ட்டுக்காகக் கத்திக்கொண்டிருந்தார். ஷிப்ட் நடுவில் கூப்பிட்டுவிட்டார்களாம்.

கூண்டுக்கு வந்தால் வெடிக்காரர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

பலகையைப் பார்த்தேன். அவருடைய ஆட்களின் வில்லைகள் மட்டும்தான். சொல்ல வாயைத் திறந்தேன். அந்த இரண்டு வார்த்தையும் வரவில்லை. சாவியை ஆணியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா?"

தலையாட்டினேன்.

"பலகை காலியா இல்லையா? கண்ணு முன்னால காலியாத்தானே இருக்கு?"

தலையாட்டினேன்.

"அட, குடும்மா. வெடி வெச்சாச்சு. வெச்ச வெடிய வெச்சுக்கிட்டு மலை எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்?"

அவர் கத்தவில்லை. பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். நின்றிருந்த சிமெண்ட் வண்டியில் கலவை உருளை சுற்றிக்கொண்டிருந்தது. கலவை இறுகிவிட்டால் அத்தனையும் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். "பலகைக்குப் பேய் பிடிச்சிருக்கு", "கையைப் பிரிச்சு எடுங்கப்பா", "தொடாதீங்க, பொண்ணு கேஸ் ஆயிடும்" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரோ இன்ஜினியரைக் கூட்டி வந்தார்கள். அவர் குனிந்து, என் முகத்துக்கு நேராக வந்து கேட்டார்.

"சொல்லும்மா. என்ன விஷயம்?"

ஃபோர்மேன் உள்ளே விடுகிறார், வில்லை இல்லாமல் விடுகிறார், இன்று எண்ண ஆளில்லை. இவ்வளவும் வாய் வரைக்கும் வந்தது. வெளியே வந்தது ஒரே ஒரு சொல்.

"மாமா."

யாரோ சிரித்தார்கள். வெடிக்காரர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அந்த வயசில் அவர் ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை.

வெடி வைக்கிற கடைசிச் சுவருக்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்துப் பாறையில் வண்டி ஒதுங்கக் குடைந்த பொந்து ஒன்று இருக்கிறது. அதன் வாயை மறைத்து, உள்ளே காற்றை அனுப்புகிற துணிக் குழாய் தொங்குகிறது. மாமா அதற்குப் பின்னால் படுத்திருந்தாராம். செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு. இரண்டு முறை உலுக்கிய பிறகுதான் எழுந்தாராம். "வெடி ஆச்சா?" என்று கேட்டாராம்.

இருவரும் வெளியே வந்தார்கள். வெடிக்காரர் கூண்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். கிளாஸ் அவர் பல்லில் இடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மறுபடி கையை நீட்டினார். பலகை காலி என்றேன். கொடுத்தேன்.

மாமா என்னோடு பேசவில்லை. இன்ஜினியர் எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தார். ஃபோர்மேனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மாமாவை நிறுத்தவில்லை. கணக்கில் இல்லாத லீவு எதுவும் செல்லாது என்றுவிட்டார்கள். தண்டனையாக, இருந்த லீவையும் ரத்து செய்துவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு வெளியே போக முடியாது.

இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் மற்றதையெல்லாம் எழுதினேன்.

உன் தங்கை


ஜூன் 12

தங்கைக்கு,

அவர் போனில் சொன்னார். அத்தை பக்கத்தில் நின்றதால் நான் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னேன். வைத்த பிறகு அத்தை கேட்டார், "என்னடி, வர்றானா?" "வரலையாம்" என்றேன். "ஆம்பளைக்கு ஆயிரம் வேலை" என்றார்.

நீ செய்தது சரி. அது எனக்குத் தெரியும். இந்த ஒரு மாதம் மட்டும் அது எனக்குத் தெரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணை மூடினால் அந்தப் பொந்துதான் தெரிகிறது. திறந்தால் ஆஸ்பத்திரி வராந்தா தெரிகிறது. யாருமில்லாத வராந்தா. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். உன்னைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

அத்தைக்கு முட்டி வலி. ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டார். பையை எடுத்து வைத்துவிட்டேன். ஆட்டோக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போன தடவையும் அதே ஆட்டோதான்.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். அதனால் இதைத் தபாலில் போடவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக இன்ஜினியர் அறைக்குப் போனேன். உள்ளே பாறையம்மாவும் இருந்தார். கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். இன்ஜினியர் நிமிர்ந்து, "என்ன, இன்னொரு மாமாவா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதனால் பேச முடிந்தது. லீவு வேண்டும் என்றேன். "எத்தனை நாள் பாக்கின்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. வந்ததிலிருந்து ஒன்றுகூட எடுத்ததில்லை என்று பாறையம்மாதான் சொன்னார். "போ. ஆனா சாவிய யாருகிட்ட குடுக்கறது?" என்றார் இன்ஜினியர். பாறையம்மா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். வெளியே மாமா சும்மா உட்கார்ந்திருந்தார். அவரை இனி சுவர்ப் பக்கம் விடுவதில்லை.

அப்படித்தான் என் ஸ்டூலில் மாமா உட்கார்ந்தார். ஸ்டூல் சின்னது, முட்டி நெஞ்சைத் தொடுகிறது. போகிற வருகிறவர்கள் எல்லாரும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். "பலகை மாமா, நல்லா இருக்கீங்களா?" என்றார் ஒருவர். மாமா அவரை முறைத்து, "வில்லைய மாட்டிட்டுப் போடா" என்றார். வெடிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அது. இரண்டாவது என்னிடம்.

"சாவிய எந்த ஆணியில மாட்டுவ?"

காட்டினேன். சாவியை எடுத்து அதிலேயே மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"பலகை காலியா இருந்து மனசுக்குச் சரியில்லன்னா என்ன பண்ணுவ?"

"குடுக்க மாட்டேன்."

"ம்" என்றார்.

கணக்குக்காரர் இப்போது ஐந்து வரிசைக்கும் கையெழுத்துப் போடுகிறார். எவ்வளவு நாளைக்கு என்று பாறையம்மாவைக் கேட்டேன். "எல்லாரும் மறக்கற வரைக்கும்" என்றார்.

சாமான் ஏற்றி வருகிற வண்டியில்தான் வந்தேன். மாமா என் பையை மேலே தூக்கிப் போட்டார். வண்டி கிளம்பிய பிறகு கூடவே பத்தடி நடந்து வந்தார், அவ்வளவுதான்.

வழியெல்லாம் இதை எழுதினேன், வண்டி குலுக்கியதால் கோணல்மாணலாக இருக்கிறது. மாமா நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றால் அது உனக்கு ஈடாகாது என்று தெரியும். வராந்தாவில் எனக்கு நர்ஸோடு பேசவும் வராது. ஆனால் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டால், கையைத் தூக்குவேன்.

இப்போது உன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே நீ எதையோ தரையில் இழுத்து நகர்த்துகிறாய், சத்தம் கேட்கிறது. அதை விடு, நான் நகர்த்துகிறேன். கடிதத்தை மடித்துக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, தட்டுகிறேன்.